பெட்டிச் சாவி யாரிடம்? வட சென்னைச் சாரணர் படைகளைத் தாங்கிப் பிடிப்பது பற்றி

தண்டையார்பேட்டையில் எங்கள் சாரணர் (ஸ்கவுட்) படையின் இரும்புப் பெட்டியை இரண்டு வருடம் கழித்துப் பூட்டை உடைத்துத்தான் திறந்தோம். உள்ளே ஒரு கட்டுக் கயிறு. உப்புக் காற்றில் கிடந்த கயிறு என்ன ஆகும் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். கையில் எடுத்ததும் நார் நாராக உதிர்ந்தது. முதலுதவிப் பெட்டியில் பிளாஸ்திரி பழுத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. கொடியை மட்டும் யாரோ பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்ததால் அது தப்பித்தது. எல்லாவற்றுக்கும் அடியில் வருகைப் பதிவேடு. கடைசியாக எழுதிய பக்கத்தில் 27 பெயர்கள். அன்று வந்தவர்கள் 24 பேர். அடுத்த பக்கம் வெள்ளை.

அந்த வெள்ளைப் பக்கத்துக்கான காரணம் மிகச் சாதாரணமானது. படையை நடத்திய சாரண ஆசிரியருக்குக் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் இடம் கிடைத்தது. பத்து வருடமாக அவர் கேட்டுக்கொண்டிருந்த இடம். வாழ்த்தி அனுப்பினோம். போகும் அவசரத்தில் சாவி அவருடைய பையோடு போய்விட்டது. பள்ளியில் வேறு யாருக்கும் பயிற்சி இல்லை. மேலே இருந்தவர்களிடம் இரண்டு மூன்று முறை கேட்டோம். 'வேறு ஆசிரியர் பெயரைக் கொடுங்கள், அடுத்த பயிற்சி முகாமுக்கு அனுப்பலாம்' என்றார்கள். பெயர் கொடுக்க ஆள் இல்லை. அப்புறம் கொரோனா வந்தது. படையை யாரும் மூடவில்லை, அது அடுத்த வாரம் கூடவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கதையில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதனாலேயே இதை யோசிக்க வேண்டியிருக்கிறது. யாருமே தப்பு செய்யாமல் 24 பிள்ளைகள் வந்துகொண்டிருந்த ஒரு படை நின்றுபோகிறது என்றால், அதைத் தாங்க வேண்டிய அமைப்பில் ஏதோ ஒரு தூண் இல்லை என்று அர்த்தம். இளைஞர் அமைப்புகளில் 'தன்னார்வலர் ஆதரவை மாற்றி அமைப்பது' என்ற பேச்சு இப்போது பல இடங்களில் கேட்கிறது. வட சென்னையில் அது என்னவாக இருக்க முடியும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அமைப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950 நவம்பர் 7 அன்று உருவானது. நாட்டில் தனித்தனியாக இயங்கிய சாரணர் சங்கங்கள் ஒன்றாகின. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று பெண் பிள்ளைகளுக்கான சாரணியர் அமைப்பும் வந்து சேர்ந்தது. மேலே தேசிய அமைப்பு, அதன் கீழ் மாநிலச் சங்கம், மாவட்டச் சங்கம், அதற்கும் கீழே உள்ளூர்ச் சங்கம், கடைசியில் பிள்ளைகள் இருக்கும் குழு. சின்னப் பிள்ளைகள் குருளையர், நீலப்பறவையர். 10 வயதுக்கு மேல் சாரணர், சாரணியர். கல்லூரி வயதில் திரிசாரணர், திரிசாரணியர். ஓர் அணியில் 6 முதல் 8 பேர். சில அணிகள் சேர்ந்தால் ஒரு படை.

பிள்ளைகளுக்கு அந்த அணி முறை எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்பதை ஒரு வருடம் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் புரியும். அணித் தலைவன் ஒரு நாள் வரவில்லை என்றால் துணைத் தலைவன் எடுத்து நடத்துவான். கயிற்றை ஒருவன் பார்ப்பான், கணக்கை ஒருவன் எழுதுவான், சமையலை ஒருவன் கவனிப்பான். எட்டுப் பேரில் எட்டுப் பேருக்கும் வேலை உண்டு. அணித் தலைவர்கள் சேர்ந்து மரியாதை மன்றத்தில் உட்கார்ந்து படையின் விவகாரங்களைப் பேசி முடிவு செய்வார்கள். 13 வயதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் இயக்கத்தில், பெரியவர்கள் பக்கம் வந்தால் கதை மாறிவிடுகிறது. அங்கே ஒரே ஓர் ஆள். கயிறும் அவர், கணக்கும் அவர், முகாமும் அவர், பெற்றோரிடம் பேசுவதும் அவர், சாவியும் அவரிடம். நான் சொல்ல வருவது இது ஒன்றுதான்: பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் அணி முறையைப் பெரியவர்களுக்கும் வைக்க வேண்டும். அந்த அணி நடந்து போகிற தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் படைகள் பெரும்பாலும் பள்ளிகளுக்குள் இருக்கின்றன. அதில் நன்மை அதிகம். மைதானம் கிடைக்கிறது, பிள்ளைகள் தானாகக் கிடைக்கிறார்கள், தலைமையாசிரியர் ஆதரவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் நடந்த சாரணர் வைரவிழாப் பெருந்திரளணி முகாமுக்கு நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்து கூடாரம் போட்டுத் தங்கினார்கள் என்றால், பின்னால் பள்ளிக் கல்வித் துறை நின்றதால்தான் அது முடிந்தது. ஆனால் பள்ளியோடு கட்டினால் படை ஆசிரியரின் பணிப் பதிவேட்டோடும் கட்டப்பட்டுவிடுகிறது. அவர் ஓய்வு பெற்றால், பதவி உயர்வில் போனால், மாறுதல் வாங்கினால், படையும் அன்றோடு நிற்கிறது.

விதிப்புத்தகத்தில் பள்ளிக்கு வெளியே இயங்கும் திறந்த குழுக்களுக்கும் இடம் இருக்கிறது. ஒரு தெருக்காரர்கள், ஒரு குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து குழு தொடங்கலாம். உள்ளூர்ச் சங்கம் என்று ஒரு படி இருப்பதே இதற்குத்தான். பள்ளிக்கும் மாவட்டத்துக்கும் நடுவில், பக்கத்துப் பக்கத்துப் படைகள் ஒன்றுக்கொன்று கை கொடுக்கும் இடம் அது. நான் பார்த்த வரையில் அந்த நடுப் படிதான் இங்கே மிகவும் மெலிந்து கிடக்கிறது.

சரி, அது ஏன் மெலிந்தது? கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

இந்தியாவில் சாரணர் இயக்கம் 1909-இல் பெங்களூரில் தொடங்கியபோது இந்தியப் பிள்ளைகளுக்கு அதில் இடம் இல்லை. ஆங்கிலேயர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்கு மட்டும்தான். அதற்குப் பதில் சொல்கிற மாதிரி 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜி.எஸ். அருண்டேலும் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை கட்டிய சாரணர்கள். 1921-இல் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் இந்தியா வந்தபோது அந்தச் சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. எங்கள் ஊருக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. அம்மையாரோடு அடையாறு பிரம்மஞான சபையில் இருந்த பி.பி. வாடியாதான் 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவரானார். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்ட, திரு.வி.க. துணைத் தலைவராக நின்றார். பக்கிங்காம் கர்நாடிக் ஆலைச் சங்கு சத்தத்தில் எழுந்து தூங்கிய பகுதி இது. ஆலை 1996-இல் மூடியது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வட சென்னையில் பெரியவர்கள் சேர்ந்து பிள்ளைகளுக்காக எதையாவது நடத்துவது புதுப் பழக்கம் இல்லை. வேலை முடிந்து வந்தவர்கள் நடத்திய இரவுப் பள்ளிகள், படிப்பகங்கள், கேரம் போர்டு போட்ட மன்றங்கள், வியாசர்பாடிப் பக்கம் கால்பந்து, இன்னும் சில தெருக்களில் குத்துச்சண்டை என்று இங்கே எப்போதும் ஏதாவது நடந்துகொண்டே இருந்தது. சம்பளம் இல்லாமல் மாலை இரண்டு மணி நேரம் கொடுக்கிற ஆட்களுக்கு இங்கே பஞ்சம் கிடையாது. பள்ளியின் உள்ளே இருக்கும் சாரணர் படைக்கும், பள்ளிச் சுவருக்கு வெளியே இருக்கும் அந்த ஆட்களுக்கும் நடுவில் வாசல் இல்லை. உள்ளூர்ச் சங்கம் என்ற படி அந்த வாசலாக இருந்திருக்க வேண்டும். பொறுப்பு முழுக்க ஆசிரியர் தலையில் ஏறியதும், வெளியாட்களைக் கேட்கும் தேவை போய்விட்டது. கேட்காத இடத்துக்கு யாரும் வருவதில்லை.

அடுத்த சிக்கல் வரைபடம். மாநகராட்சியை 2011-இல் 15 மண்டலங்கள், 200 வார்டுகள் என்று பிரித்தார்கள். திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டாலும் 2018 வரை திருவள்ளூர் வருவாய் மாவட்டத்தில்தான் இருந்தன. கல்வி மாவட்டத்துக்கு ஒரு கோடு, வருவாய் மாவட்டத்துக்கு ஒரு கோடு. பெரம்பூர்ப் பக்கம் வந்தால் இன்னும் ஒன்று சேரும்: ரயில்வே. சாரணர் இயக்கத்தில் தெற்கு ரயில்வே தனி மாநிலச் சங்கம். அதாவது ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி ரயில்வே படையில் இருந்தால், இன்னொருத்தி பள்ளிப் படையில் இருந்தால், இயக்கத்தின் கணக்கில் இருவரும் வேறு வேறு மாநிலத்துக்காரர்கள். ஒரே பேருந்தில் ஏறும் பிள்ளைகள் இவர்கள். ஒரு படையில் கூடாரம் சும்மா கிடக்கும். இன்னொரு படை கூடாரத்துக்கு அலையும். நடுவில் ஐந்து நிமிட நடை.

வரைபடத்தில் ஒட்டி இருப்பது காலில் ஒட்டி இருக்காது, அதுவும் உண்டு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் அந்தப் பக்கத்துக்காரர் இந்தப் பக்கம் வர அரை மணி நேரம் ஆகலாம். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டினால் திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வருவது ஒரு பயணம். நல்ல மழை பெய்தால் சுரங்கப்பாதைகள் மூடும். மாவட்டக் கூட்டம் நகரத்தின் நடுவில் மாலை நான்கு மணிக்கு என்று சுற்றறிக்கை வந்தால், மணலியில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒரு திரிசாரணர் அதற்கு வர ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். அவர் வரவில்லை என்பதால் அவருக்கு ஆர்வம் இல்லை என்று எழுதிக்கொள்வது எவ்வளவு பெரிய பிழை! மெட்ரோ 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்தது உதவிதான். ஆனாலும் படைக்குத் தேவைப்படும் உதவி மெட்ரோவில் ஏறி வரக் கூடாது. கூப்பிட்டால் செருப்பு மாட்டிக்கொண்டு வர வேண்டும்.

வெளிநாட்டில் இந்தக் கேள்வியை எப்படிக் கையாண்டார்கள் என்பதும் தெரிந்திருப்பது நல்லது. சாரணர் இயக்கம் பிறந்த பிரிட்டனில் 2024-இல் தன்னார்வலர் அமைப்பை அடியோடு மாற்றினார்கள். அதற்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு நியமனம், ஒரு பதவிப் பெயர். ஒரே ஆளுக்கு நான்கு நியமனங்கள் இருப்பதும் உண்டு. இப்போது பதவிக்குப் பதில் குழு. பிள்ளைகளின் பிரிவை நடத்த ஒரு குழு, தலைமைக் குழு, அறங்காவலர் குழு, மாவட்ட அளவில் ஆதரவுக் குழு, நிகழ்ச்சிக் குழு என்று. பொறுப்பாளரைக் குறித்த 'கமிஷனர்' என்ற சொல் போய் 'முதன்மைத் தன்னார்வலர்' வந்தது. புதிதாக வருகிறவரை முன்பு ஒரு நியமன ஆலோசனைக் குழு உட்கார வைத்துக் கேள்வி கேட்கும். அதற்குப் பதில் இப்போது ஒரு வரவேற்பு உரையாடல். பயிற்சியிலும் அடிப்படையை முதலில் கற்றுக்கொண்டு மற்றதைப் போகப் போகக் கற்கலாம்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த அடிப்படை யோசனை. வேலைக்கு ஆள் தேடுவதை விட்டு, ஆளுக்கு வேலையைப் பிரித்தார்கள். எடுத்துக்கொள்ள முடியாததும் உண்டு. அங்கே எல்லாமே இணையத்தில் பதிந்து, இணையத்தில் படித்து, இணையத்தில் ஒப்புதல் வாங்கும் முறை. இங்கே நமக்குத் தேவை ஒரு வாட்ஸாப் குழுவும், பதிவேடும், வாரம் ஒருமுறை நேரில் வந்து எட்டிப் பார்க்கும் ஒரு பெரியவரும். பெயரை மட்டும் மாற்றி, 'அணி' என்று பலகை மாட்டி, பழைய ஆளின் தலையிலேயே எல்லாவற்றையும் வைத்தால் எதுவும் மாறப் போவதில்லை.

நம் மாநிலத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி. மாலை நேரத்தில் 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. சுமார் 2 லட்சம் பேர் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதுதான் விஷயம். அதே தெருவில் இருந்து வந்தார்கள். கல்லூரி முடித்து வீட்டில் இருந்த பெண், இரண்டு பிள்ளைக்குத் தாயான பெண், திண்ணையிலும் மாடியிலும் கோயில் மண்டபத்திலும் பாடம் எடுத்தார்கள். எங்கள் தெருவில் பாடம் எடுத்த அக்கா ஒருவர், பிள்ளைகளை எட்டெட்டாகப் பிரித்து ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு தலைவியை வைத்திருந்தார். யாரும் அவருக்கு அணி முறையைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரைத்தான் நாங்கள் முதலில் போய்ப் பார்த்தோம்.

படையை மறுபடி தொடங்கியபோது எங்கள் கையில் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர்தான் இருந்தார், அவரும் புதியவர். முதல் சனிக்கிழமை அவரை உட்கார வைத்து, ஒரு படை நடக்க என்னென்ன வேலை ஆக வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 31 வேலை வந்தது. அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'கொடிக்கம்பம் நடுவது' என்பதும் அதில் ஒன்று, 'முகாமுக்குப் பெற்றோர் கையெழுத்து வாங்குவது' என்பதும் ஒன்று. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டுமா?' என்று கேட்டோம். ஆமாம் என்று வந்தது ஏழே ஏழுதான். மற்ற 24 வேலைக்கும் நம்பிக்கையான ஒரு பெரியவர் போதும். அந்த ஆசிரியர் பேனாவை வாங்கி அந்த ஏழையும் வட்டம் போட்டார். 'இது மட்டும்னா நான் ரிடையர் ஆகுற வரைக்கும் பண்ணுவேன் சார்' என்றார்.

அந்த 24-ஐ ஊருக்குள் பிரித்தோம். பதிவேடு எழுதுவது தையல் வேலை பார்க்கும் ஓர் அம்மா. வரவு செலவு, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர். மோரும் சுண்டலும் வாரம் ஒரு வீடு. முகாம் வந்தால் பாத்திரம் வாடகைக்கு எடுப்பது, கல்யாண மண்டபத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. யாருக்கும் ஒன்றுக்கு மேல் கொடுக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் யாரும் செய்ய வேண்டும் என்று கேட்கவும் இல்லை. இந்த இரண்டாவது விஷயம் மிக முக்கியம். 'எப்போ நிறுத்தலாம்' என்று தெரிந்தால் ஆட்கள் வருகிறார்கள். முடிவே இல்லாத பொறுப்பு என்றால் நல்ல மனதுக்காரர்கள்கூடத் தயங்குகிறார்கள், தயங்குவது நியாயம்.

முடிச்சு கற்றுக்கொடுப்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

சாரணர் பயிற்சியின் தொடக்கக் கட்டத்திலேயே முடிச்சுகள் வந்துவிடும். எங்கள் ஆசிரியருக்கு அவை புத்தகத்தில் படித்துப் பழகியவை. காசிமேட்டிலோ கயிறுதான் வாழ்க்கை. கிழக்குக் கடற்கரையில் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். படகைப் பழுது பார்ப்பது, வலை பின்னுவது என்று ஆட்கள் ஊரில் இருப்பார்கள். பிள்ளைகளுக்கும் அப்போதுதான் கோடை விடுமுறை. இரண்டு காலண்டரும் ஒன்றாக விழுகிறது! ஒரு மே மாதச் சனிக்கிழமை மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி, ஒரு வலைக்கூடத்தின் நிழலில் எங்கள் பிள்ளைகளை உட்கார வைத்தோம். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அண்ணன், வலை ஊசியைக் காதில் செருகிக்கொண்டு, 'முடிச்சு போடறது பெரிசு இல்லப்பா, ஈரத்துல அவுக்கணும், இருட்டுல அவுக்கணும், அதான் முடிச்சு' என்றார். சொல்லிவிட்டு ஒரு பையனின் கண்ணைத் துண்டால் கட்டினார். கயிற்றை வாளித் தண்ணீரில் முக்கி அவன் கையில் கொடுத்தார். அந்தப் பையன் பள்ளியில் மூன்று வாரமாகத் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்த முடிச்சு. விரல் தடவித் தடவி, நாக்கைக் கடித்துக்கொண்டு, நான்காவது தடவை சரியாக விழுந்தது. இழுத்துப் பார்த்து அண்ணன் தலையை ஆட்டினார். அன்று எட்டு மணி வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

அந்த அண்ணனுக்குப் பயிற்சிச் சான்றிதழ் கிடையாது, வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் வருடத்தில் எட்டு சனிக்கிழமை வருகிறார். அவருக்கு அழைப்பு சொல்லி, பிள்ளைகளைக் கூட்டிப் போய், திருப்பிக் கூட்டி வர ஓர் ஆள் இருந்தால் போதும். தன்னார்வலருக்கு ஆதரவு என்று பெரிய வார்த்தையில் சொல்வதெல்லாம் நடைமுறையில் இந்த மாதிரி ஓர் ஆள்தான்.

கல்லூரிகள் பக்கமும் ஒரு கதவு இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. அதில் சேரும் மாணவர் வருடத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும், இரண்டு வருடத்தில் 240. வண்ணாரப்பேட்டையில் தியாகராயர் கல்லூரி, வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி என்று நம்மைச் சுற்றியே கல்லூரிகள். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் என்றால் 40 வாரத்துக்கு 80 மணி நேரம். ஒரு மாணவியின் ஒரு வருடக் கணக்கில் இது அடங்கும், மேலே முகாமுக்கும் நேரம் மிச்சம். திட்ட அலுவலரோடு பேசி, இந்த மணி நேரத்தை அவர்களுடைய கணக்கில் எழுதிக்கொள்ள ஒப்புக்கொள்ள வைத்தால், ஒவ்வொரு படைக்கும் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் கிடைப்பார்கள். அவர்களில் சிலர் திரிசாரணர்களாகத் தங்குவார்கள். தங்காதவர்களும் ஒரு வருடம் உதவியிருப்பார்கள்.

சாரணியர் பக்கம் இந்தத் தேவை இன்னும் கடுமை. பெண் தலைவி இல்லாமல் சாரணியர் படை நடக்காது, முகாமுக்குப் போகவே முடியாது. பெண் பிள்ளைகளுக்குக் கூட்டம் ஆறு மணிக்கு முடிந்தாக வேண்டும், தெருமுனை வரை யாராவது கூட வர வேண்டும். இதற்கெல்லாம் அதே பகுதியில் இருக்கும் பெண்கள்தான் வழி. மேலிருந்து வரும் சுற்றறிக்கையால் இது நடக்காது.

வெளியாட்களை உள்ளே விட்டால் பிள்ளைகளின் பாதுகாப்பு என்ன ஆவது என்ற கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இருவர். நாங்கள் பயிற்சி பெற்றவருக்கும் சுண்டல் கொண்டுவருகிறவருக்கும் ஒரே விதி வைத்தோம். வாரா வாரம் வருகிறவர்கள் காவல்துறை சரிபார்ப்புச் சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும். எப்போதாவது வருகிறவர் ஒருபோதும் பொறுப்பில் தனியாக நிற்கக் கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, ஒரு பிள்ளைக்குப் பாலியல் துன்புறுத்தல் நடந்ததாகத் தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். இதை ஒவ்வொருவரிடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளின் பதிவேட்டு அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் படையைவிட ஐந்து பேர் கண் பட நடக்கும் படைதான் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பயிற்சி முறையிலும் மாற்றம் தேவை. சாரணத் தலைவர்களுக்கான அடிப்படைப் பயிற்சி ஏழு நாள் தங்கிப் படிக்கும் முகாம். அதன் தரத்தைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். அங்கே போய் வந்தவர்களிடம் தெரியும் மாற்றத்தை நேரில் பார்த்திருக்கிறேன். ஆசிரியருக்குப் பணி விடுப்பு கிடைக்கும். மீன் ஏலக் கூடத்தில் நிற்கும் பெண்ணுக்கும், துறைமுகத்தில் தினக்கூலிக்குப் போகிறவருக்கும் ஏழு நாள் என்பது ஏழு நாள் கூலி. அவர்களுக்கு அதே பாடத்தை வார இறுதிகளில் பிரித்து, இங்கேயே ஒரு மாநகராட்சிப் பள்ளி வளாகத்தில் நடத்தலாம். கூலியைப் பறிக்காத பயிற்சி கொடுத்தால், நல்ல தலைவர்கள் ஆசிரியர் வட்டத்துக்கு வெளியிலிருந்தும் வருவார்கள்.

மாவட்டம் என்ன செய்ய வேண்டும் என்றால், என் கருத்தில், முதல் வேலை வந்து பார்ப்பது. நான்கைந்து படைகளுக்கு ஒருவர், மாதம் ஒருமுறை, கூட்டம் நடக்கும் நேரத்தில் வந்து ஓரமாக உட்கார்ந்து பார்த்து, முடிந்ததும் தலைவரோடு ஒரு டீ குடித்துவிட்டுப் போக வேண்டும். படிவத்தை அப்புறம் அனுப்பிக்கொள்ளலாம். எந்தப் படையில் ஆசிரியர் ஓய்வு பெறப் போகிறார், எங்கே இருவர் இருந்த இடத்தில் ஒருவர்தான் இருக்கிறார் என்பது அந்த டீக்கடையில்தான் தெரியவரும். இந்த நான்கைந்து படைகளைத் தேர்ந்தெடுக்கும்போது கல்வி மாவட்டக் கோட்டைப் பார்க்காமல் ரயில்வே கேட்டைப் பார்க்க வேண்டும். கேட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பவை ஒரு கொத்து, அந்தப் பக்கம் இருப்பவை இன்னொரு கொத்து. ரயில்வே படைகளும் பள்ளிப் படைகளும் அவரவர் சங்கத்தில் இருந்துகொண்டே கூடாரத்தையும் முதலுதவிப் பயிற்சியையும் பகிர்ந்துகொள்ளலாம். இருவரும் மனது வைத்தால் போதும்.

2023 டிசம்பரை இங்கே யாரும் மறக்க மாட்டோம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் வரை எண்ணெய் வந்தது, மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து இரவோடு இரவாக மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். அந்த நாட்களில் யார் வீட்டில் படுத்த படுக்கையான பாட்டி இருக்கிறார், எந்தச் சந்தில் படகு நுழையும் என்று தெரிந்தவர்கள்தான் முதலில் உதவினார்கள். 'தயாராய் இரு' என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் இயக்கம், அந்தத் தெரு விவரம் தெரிந்த பெரியவர்களைத் தன் பட்டியலில் வைத்திருக்க வேண்டாமா?

நாங்கள் புதுப் பூட்டு வாங்கியபோது மூன்று சாவி வெட்டினோம். ஒன்று பள்ளியில், ஒன்று பதிவேடு எழுதும் அம்மா வீட்டில், ஒன்று மரியாதை மன்றத்தில் பிள்ளைகளே தேர்ந்தெடுத்த மூத்த அணித் தலைவியிடம். இந்த வருடக் கலந்தாய்வில் எங்கள் ஆசிரியர் பெயர் இருக்கிறது. இடம் கிடைத்தால் அவரும் போவார். போன வாரம் அவர் வட்டம் போட்ட ஏழு வேலையில் நான்கை, வார இறுதிப் பயிற்சி எங்காவது கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே, அந்த இல்லம் தேடிக் கல்வி அக்கா எழுதி வாங்கிக்கொண்டார்.